அரை நொடி பின்னே: லால்குடி ஜெயராமனும் பக்கவாத்திய வயலினும்

வயலின் வித்வான் லால்குடி ஜெயராமனைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பத்ம விருதில் தொடங்கித் தில்லானாவில் முடிப்பார்கள். நடுவே இருபது வருஷம் அவர் பார்த்த வேலை, 'அந்நாளைய முன்னணி வித்வான்கள் அனைவருக்கும் பக்கவாத்தியம் வாசித்தார்' என்று ஒற்றை வரியில் ஓடிவிடும். மனுஷர் முழுசாக இருப்பது அந்த வரிக்குள்தான் என்பது என் கட்சி. இன்று லால்குடி பாணி என்று சொல்லிக் கொடுக்கப்படுவதில் பெரும்பகுதி, ஒரு பக்கவாத்தியக்காரர் மேடையில் தினம் சந்தித்த சிக்கல்களுக்கு அவர் கை கண்டுபிடித்த விடைகள்.

பிறந்தது 1930 செப்டம்பர் 17. திருச்சிப் பக்கத்து லால்குடி சாதாரண ஊரல்ல. தியாகராஜர் அங்கே வந்து சப்தரிஷீசுவரர் மீதும் பிரவிருத்த ஸ்ரீமதி அம்மன் மீதும் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார்; லால்குடி பஞ்சரத்னம் என்பது அதுதான். ஜெயராமனின் குடும்பம், தியாகராஜரின் சீடரான லால்குடி ராமய்யரின் வழி வந்தது. குரு வேறு யாருமில்லை, அப்பா வி.ஆர். கோபாலய்யர். பன்னிரண்டு வயதில் பக்கவாத்தியக்காரராக மேடையேறினார். அதற்குப் பிறகு அவர் உட்கார்ந்த பக்கத்து நாற்காலிகளை, மன்னிக்கவும், ஜமுக்காளங்களை வரிசையாகப் பார்த்தால் போன நூற்றாண்டின் கர்நாடக சங்கீதமே வந்துவிடும்: அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, ஜி.என்.பி. (ஜி.என். பாலசுப்ரமணியம்), மதுரை மணி அய்யர், ஆலத்தூர் சகோதரர்கள், புல்லாங்குழல் மாலி. அடுத்த தலைமுறையில் கே.வி. நாராயணசாமி, மகாராஜபுரம் சந்தானம், பாலமுரளிகிருஷ்ணா, டி.என். சேஷகோபாலன்.

இந்த வேலை எவ்வளவு கடினம் என்று புரிய, முதலில் வாத்தியத்தைப் பார்க்க வேண்டும்.

மேற்கத்திய வயலினில் நான்கு தந்திகளும் ஐந்தாம் சுர இடைவெளியில் நிற்கும். நாம் அதை மந்திர ஸட்ஜம், மந்திர பஞ்சமம், மத்திய ஸட்ஜம், மத்திய பஞ்சமம் (கீழ் ஸ்தாயியின் ஸ, ப; நடு ஸ்தாயியின் ஸ, ப) என்று மாற்றிக்கொண்டோம். கட்டை என்பது பாடகரின் ஸட்ஜம் நிற்கும் உயரத்தின் அளவு; ஒரு கட்டை C, ஐந்து கட்டை G. ஐந்து கட்டை சுருதியில் பாடும் பெண் பாடகருக்கு இது அதிகம் வலிக்காது. கீழ்த் தந்திகள் இரண்டும் மேற்கத்தியச் சுருதியிலேயே நிற்கும். மேல் தந்திகள் இரண்டை மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்கினால் போதும். ஒரு கட்டையில் பாடும் ஆண் பாடகர் வந்தால்தான் வம்பு. கீழ்த் தந்திகள் ஏழு அரைச்சுரம் இறங்க வேண்டும், மேல் தந்திகள் ஒன்பது. தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு குறையும். கணக்குப் போட்டால் கீழ்த் தந்திகளில் இழுவிசை பாதிக்கும் கீழே போகிறது. மேல் தந்திகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே நிற்கிறது. ஒரு வாத்தியம் எந்த இறுக்கத்துக்குச் செய்யப்பட்டதோ, அதில் பாதிகூட இல்லாமல் மூன்று மணி நேரம் வாசிக்க வேண்டும்.

தொய்ந்த தந்தியில் என்னென்ன கெடும்? வில்லைக் கொஞ்சம் அழுத்தினாலே சுருதி ஏறும். வேகமான பிடியில் (சுரக் கோவையில்) தந்தி விரல் பலகையில் மோதிக் கரகரக்கும். வில் தொட்டதும் நாதம் பிறக்காமல், ஒரு கணம் தாமதித்து எழும். இதற்கு மாற்று, பருமன் கூடிய தந்தி போடுவது. ஒரு கட்டைக்கு இறக்கிய கீழ்த் தந்திகள், வயலினைவிடப் பெரிய வியோலாவின் கீழ்த் தந்திகள் இரண்டும் ஒலிக்கும் அதே சுரங்களில் வந்து நிற்கும். வயலின் அந்த வேலைக்கு ஆன வாத்தியமே இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மும்முரமாக வாசிப்பவர்கள் இரண்டு வயலின் வைத்திருப்பது இதனால்தான். ஒன்று ஆண் சுருதிக்கு, ஒன்று பெண் சுருதிக்கு. ஒரே வயலினை மதியம் ஐந்து கட்டைக்கும் சாயங்காலம் ஒன்றரைக் கட்டைக்கும் மாற்றினால், தந்தி புதிய இறுக்கத்துக்குப் பழகாமல் கச்சேரி முழுக்க நழுவிக்கொண்டே இருக்கும். இன்னொரு எச்சரிக்கை: தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். நான்கையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் சாயும். உள்ளே பசையில்லாமல் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற மரக்குச்சி விழுந்துவிடும். அதை மறுபடி நிறுத்துவது வீட்டில் செய்கிற வேலையில்லை.

உட்காரும் விதமும் நம்முடையது. சம்மணமிட்டு, வயலினின் தலைப்பகுதியை வலது பாதத்தில் ஊன்றி, அடிப்பகுதியை இடது மார்பு, தோள் பக்கம் சாய்த்துக்கொள்வது. மோவாயால் பிடிக்க வேண்டியதில்லை, இடது கையும் வாத்தியத்தைத் தாங்க வேண்டியதில்லை. அந்தக் கை தந்தி நெடுக ஓட வேண்டும் என்பதே நோக்கம். எவ்வளவு ஓட வேண்டும்? வயலின் தந்தியின் ஒலிக்கும் நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். ஸட்ஜத் தந்தியில் தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓரிடத்தில் நிற்கிற சுரமில்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஆடுகிறது. ரிஷபம் தலைப்பிலிருந்து 2 சென்டிமீட்டர், மத்தியமம் 8. அப்படியானால் ஒரே ஒரு சுரத்துக்காக விரல் 6 சென்டிமீட்டருக்குள் அலைய வேண்டும், நொடிக்குப் பல முறை, இரு முனையிலும் சுருதி பிசகாமல். மேற்கத்தியப் பிடியில் இதைச் செய்தால் வாத்தியமே சேர்ந்து ஆடும்.

விரல் வழுக்கத் துளி எண்ணெய் தொட்டுக்கொள்பவர்கள் உண்டு. கூடினால் விரல் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகும். விரல் பலகையைத் துடைத்த துணியாலேயே வில் படும் இடத்தையும் துடைத்தால் எண்ணெய் வில்லின் முடிக்கு ஏறிவிடும். அப்புறம் எவ்வளவு ராசின் (வில் முடிக்குப் பிடிப்புத் தரும் பிசின்) தேய்த்தாலும் பிடிக்காது. துணி இரண்டு வேண்டும்.

இப்போது கச்சேரிக்கு வருவோம்.

பாடகர் ஆலாபனை தொடங்குகிறார். வயலின் அவரை அரை நொடி இடைவெளியில் தொடர்கிறது. சேர்ந்தே வாசித்தால் பாடகரின் அடுத்த சங்கதியை (இசை வரியின் அடுத்த வடிவத்தை) முன்கூட்டிச் சொன்னது போலாகும், அதை எந்தப் பாடகரும் மன்னிக்க மாட்டார். ரொம்பப் பின்தங்கினால் அவர் அடுத்த பிடிக்குப் போன பிறகு பழைய சுரம் மேலே மோதும். பாடகர் மூச்சு வாங்கும்போது அவர் விட்ட சுரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்தச் சந்தில் சொந்தச் சரக்கை நுழைப்பதுதான் இளையவர்கள் பரவலாகச் செய்யும் தப்பு. கைதட்டல் கிடைக்கும், அடுத்த கச்சேரிக்கு அழைப்பு வராது. தன் முறை வந்ததும் வாசிக்கலாம், அதற்கும் அளவுண்டு. பாடகர் பன்னிரண்டு நிமிஷம் பாடினால் வயலினுக்கு ஐந்தாறு போதும். அதற்குள் அவர் போன உச்சத்தைத் தொடவும் வேண்டும், அவர் சொன்னதையே ஒப்பிக்காமலும் இருக்க வேண்டும்.

பழக்கமில்லாத ராகமென்றால் முதல் சில பிடிகள் வரை ஸட்ஜ பஞ்சமங்களில் நிற்பதே புத்திசாலித்தனம். ஆரோகண அவரோகணம் அதற்குள் காதில் விழுந்துவிடும். தெரியாத கீர்த்தனை இன்னும் கடினம், ஏனென்றால் அங்கே தாளம் காத்திருக்காது. வில்லின் ஒலியைக் குறைத்து, சங்கதியின் எலும்பை மட்டும் தொட்டுக்கொண்டு, இரண்டாவது முறை அந்த வரி வரும்போது சதை வைப்பார்கள்.

கல்பனாஸ்வரத்தில், அதாவது மேடையிலேயே புதிதாகக் கற்பித்துப் பாடும் சுரங்களில், வேறொரு தொல்லை. பாடகர் தொடையில் தாளம் போடலாம். வயலின்காரருக்கு இரண்டு கையிலும் வேலை. ஆதி தாளத்தில் ஒன்றரை இடத்தில் எடுப்பு (வரி தொடங்கும் இடம்), குறைப்பில் இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று), ஒன்று, அரை, கால் என்று சுருங்கும் கணக்கு, கடைசியில் பாடகர் வீட்டில் தயாரித்துக்கொண்டு வந்த ஒரு கோர்வை (கணக்காக முடியும் சுரத் தொகுப்பு). இத்தனைக்கும் பதில், காதில் விழுந்த அந்த நிமிஷத்தில், கையில் தாளமில்லாமல் சொல்ல வேண்டும். திரிகாலப் பல்லவியில் இது இன்னும் முறுக்கேறும்: தாளம் அப்படியே நிற்க, பல்லவி மட்டும் இரட்டை வேகத்துக்கும் நான்கு மடங்குக்கும் தாவும்.

லால்குடி எதிர்கொண்ட பாடகர்களை இந்தக் கண்ணோடு பார்த்தால், ஒவ்வொருவரும் வில்லிடம் ஒவ்வொன்று கேட்டவர்கள். அரியக்குடியின் மத்தியம காலம் (நடுத்தர வேகம்) கால் தரையில் பாவாமல் ஓடும்; அங்கே வில்லைச் சிறியதாக, துண்டு துண்டாகப் போட்டால் ஓட்டம் போகும், நீட்டினால் துடிப்பு போகும். ஜி.என்.பி.யின் பிருகாக்களை (மின்னல் வேகச் சுர உருட்டல்களை) ஒரு வில்லுக்குள் அடக்க இடது கை சுத்தம் வேண்டும். ஒரு விரல் சோம்பினாலும் எட்டுச் சுரம் குழைந்து மூன்றாகக் கேட்கும். மதுரை மணியின் சர்வலகு ஸ்வரங்கள் (தாளத்தோடு இயல்பாக நடக்கும் சுரங்கள்) கேட்க எளிமையானவை. கணக்கே தெரியாதது மாதிரி அவை வந்து எடுப்பில் விழும் அழகை, பதில் சொல்லும்போது கணக்கு வாடை அடிக்காமல் கொண்டுவருவதுதான் சிரமம். ஆலத்தூர் சகோதரர்களோ லயத்தில் புலிகள், பல்லவியில் தூங்கவிட மாட்டார்கள். மாலி எந்தக் கணத்தில் என்ன செய்வார் என்று மாலிக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

இத்தனை பேருக்கும் ஒரே பாணியில் வாசித்து ஓட்டியவர்களும் உண்டு, நன்றாகவே ஓட்டினார்கள். லால்குடி செய்தது வேறு. பாடகரின் சொல்லை வில்லுக்குக் கொண்டுவந்தார்.

இதை ஒரு உதாரணத்தால்தான் விளக்க முடியும். ஸ்ரீராகத்தில் 'எந்தரோ மஹானுபாவுலு'. சுரங்களை மட்டும் பார்த்து வாசிக்கும் வயலின்காரர் தாள அடிக்கு ஒரு வில், அல்லது நான்கு சுரத்துக்கு ஒரு வில் என்று வசதிப்படி பிரிப்பார். சுருதி சரி, தாளம் சரி, சொல் மட்டும் காணாமல் போயிருக்கும். சாகித்யம் (பாட்டின் சொற்கள்) தெரிந்த வில் 'எந்', 'த', 'ரோ' என்று மெய்யெழுத்து தட்டும் இடத்தில் திரும்பும். 'ரோ'வின் நெடில் நீள்கிற வரை, எத்தனை சுரம் வந்தாலும் திரும்பாமல் ஓடும். வல்லினத்துக்கு வில்லின் தொடக்கத்தில் ஒரு சின்ன அழுத்தம், இடையினத்துக்கு அது கிடையாது. நிரவலில் இதன் மதிப்பு தெரியும். பாடகர் ஒரே வரியைப் பத்து விதமாகப் பரப்பும்போது சொற்கள் விழும் இடம் மாறுவதில்லை. வயலினும் அந்த இடங்களிலேயே வில்லைத் திருப்பினால், வார்த்தையில்லாத வாத்தியத்தில் வார்த்தை கேட்கும்.

இப்படி வாசிக்க, கீர்த்தனை வாய்ப்பாட்டாகவும் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பாதையில் பயிற்சி செய்ய நினைப்பவர்கள் ஒரு வரியை முதலில் தாளம் போட்டுப் பாடட்டும். பிறகு வயலினைத் தொடாமல் வலது கையை மட்டும் வில் போல அசைத்துக்கொண்டே பாடட்டும். வாத்தியத்தை எடுப்பது மூன்றாவதுதான். விரைவு காலத்தில் எல்லா எழுத்துக்கும் வில் திருப்ப முடியாது. எதை விடுவது என்பதில்தான் ரசனை வெளிப்படும். 65 சென்டிமீட்டர் முடியில் எவ்வளவு செலவழிக்கிறோம் என்ற நினைப்பும் வேண்டும்: நெடிலுக்கு முன்னாலேயே வில்லைத் தீர்த்துவிட்டால், 'ரோ' நடுவில் ஒடியும்.

மற்றப் பள்ளிகளைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். துவாரம் வேங்கடசாமி நாயுடுவின் நீண்ட வில்லும் அதன் நாதமும் தனி உலகம். டி.என். கிருஷ்ணனின் சுருதி சுத்தத்துக்கு முன்னால் விவாதம் செய்ய முடியாது. பரூர் வழி வந்த எம்.எஸ். கோபாலகிருஷ்ணனின் கை போகிற தூரம் பிறருக்கு எட்டாது. மைக் பரவாத காலத்தில் ஒலி போதாமல் சௌடையா ஏழு தந்தி வயலினையே கையிலெடுத்தார். ஆனால் பாடகரின் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய உச்சரிப்பையே வாசிப்பது என்று வந்தால், எனக்கு லால்குடிக்குப் பிறகுதான் மற்றவர்கள்.

1960களில் அவர் மெல்லப் பக்கவாத்தியத்திலிருந்து தனிக் கச்சேரிக்கு நகர்ந்தார். 1965இல் எடின்பரோ விழாவில் அவர் வாசித்ததைக் கேட்ட யெஹுதி மெனுஹின் தன்னுடைய இத்தாலிய வயலினைப் பரிசளித்தார். 1966இல் புல்லாங்குழல் என். ரமணி, வீணை வெங்கட்ராமனோடு சேர்ந்து வயலின், வேணு, வீணை என்ற மூவர் கச்சேரியைத் தொடங்கினார். தங்கை ஸ்ரீமதி பிரம்மானந்தத்தோடு இணை வயலின், பின்னால் மகன் ஜி.ஜே.ஆர். கிருஷ்ணன், மகள் விஜயலட்சுமியோடு. மூவர் கச்சேரி கேட்க இனிமை, ஏற்பாட்டில் தலைவலி. மூன்று வாத்தியங்களின் ஒலியளவு ஒன்றல்ல. வீணையின் மீட்டு பிறந்ததும் தேயத் தொடங்கும். வயலின் நீட்டிக்கொண்டே போகலாம். வயலின் தன்னைக் குறைத்துக்கொள்ளத் தெரியாவிட்டால் மற்ற இருவரும் காணாமல் போவார்கள். இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு அது தெரிந்திருந்தது.

வாக்கேயக்காரராக (பாட்டின் சொல்லும் இசையும் தானே அமைப்பவராக) அவர் செய்ததும் அதே வில்லின் தொடர்ச்சி. சாருகேசியில் 'இன்னும் என் மனம்', வலஜியில் 'சலமு சேய', நீலாம்பரியில் 'செந்தில் மேவும்' பதவர்ணம், நவரசங்களையும் கோக்கும் 'அங்கயற்கண்ணி' ராகமாலிகை வர்ணம், மோகனகல்யாணி முதலான தில்லானாக்கள். பரதநாட்டியக்காரர்கள் இவற்றை விடாமல் எடுத்து ஆடுவதற்குக் காரணம், சொற்கட்டும் சுரமும் எங்கே பிரிந்து எங்கே சேர வேண்டும் என்பது அதில் தெளிவாக இருப்பதுதான்.

விருதுகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1972இல் பத்மஸ்ரீ, 1979இல் சங்கீத நாடக அகாடமி விருது, 2001இல் பத்மபூஷண், 'சிருங்காரம்' படத்தின் இசைக்குத் தேசிய விருது. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி வயலின்காரர்களில் துவாரத்துக்கு 1941இலும் கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளைக்கு 1948இலும் சௌடையாவுக்கு 1957இலும் பாப்பா வெங்கடராமய்யாவுக்கு 1962இலும் டி.என். கிருஷ்ணனுக்கு 1980இலும் கிடைத்தது. லால்குடி அந்தப் பட்டியலில் இல்லை. பெண் வயலின் கலைஞர் ஒருவர் அதில் இடம்பெற 2016 வரை, ஏ. கன்யாகுமரி வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்களைப் பக்கவாத்தியத்துக்கு வைத்துக்கொள்ள மறுத்த ஆண் பாடகர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். எம்.எல். வசந்தகுமாரிக்குக் கன்யாகுமரி நீண்ட காலம் வாசித்தது போல, பெண் பாடகர்களின் மேடைதான் அவர்களுக்குத் திறந்த வாசல். பக்கவாத்தியத்தில் தேறாமல் வயலின்காரர் பெரிய ஆளாக முடியாத ஒரு துறையில், அந்த வாசலை அடைப்பது தொழிலையே அடைப்பது.

இன்றைய மார்கழி மேடையில் சிக்கல்களின் முகம் மாறியிருக்கிறது. ஈரக் காற்றில் ஊதியிருக்கும் பிருடை (தந்தியை முறுக்கும் மர ஆணி), ஏசி அரங்கின் வறட்சியில் சுருங்கி நழுவும். குளிரில் உலோகத் தந்தி சுருதி ஏறும், விளக்குச் சூட்டில் இறங்கும். அதனால் அறையில் சேர்த்த சுருதியை நம்பாமல், கால் மணி முன்னாலேயே மேடையில் வாத்தியத்தைத் திறந்து வைத்துவிட்டுப் பிறகு சேர்ப்பது நல்லது. பிருடை நழுவினால் சாக்பீஸ் பொடி உதவும். இறுகிப்போனால் உலர்ந்த சோப்பை மெல்லத் தேய்க்கலாம். மைக்கை பிரிட்ஜுக்கு மிக நெருக்கமாக வைத்தால் வில்லின் உரசலே பெரிதாகக் கேட்கும்; ஓர் அடி தள்ளி, எஃப் வடிவத் துளையைப் பார்த்து வைத்தால் மரத்தின் நாதம் வரும். மானிட்டரில் பாடகரின் குரல் போதாமல் வருவது எல்லாவற்றையும்விட மோசம். அரை நொடி பின்னே என்ற மொத்த வித்தையும் அதோடு போயிற்று. வயலின் தட்டுத் தடுமாறி ஒரு நொடி, ஒன்றரை நொடி பின்னே வரும். சபையில் இருப்பவருக்கு வயலின்காரர் தயாராக வரவில்லை என்று தோன்றும்.

2013 ஏப்ரல் 22இல் லால்குடி காலமானார். அவரிடம் கற்று இன்று மேடையில் இருப்பவர்களில் பலர் பாடகர்கள்: பம்பாய் ஜெயஸ்ரீ, விசாகா ஹரி, சாகேதராமன். வயலின் வித்வானின் பெயரை வாய்ப்பாட்டுக்காரர்கள் இந்த அளவுக்குச் சுமப்பது அபூர்வம்.

அவர் பக்கவாத்தியம் வாசித்த பழைய பதிவு ஏதாவது கையில் இருந்தால், மதுரை மணியோ ஜி.என்.பி.யோ, ஒரு நிரவலை மட்டும் எடுத்து இரண்டு தடவை கேளுங்கள். முதல் தடவை பாடகரை. இரண்டாவது தடவை, பாடகர் வரியின் கடைசி எழுத்தை விடும் இடத்தில் வயலின் என்ன செய்கிறது என்பதை மட்டும். எங்கே நிறுத்துகிறார், எங்கே தாங்குகிறார், எந்த எழுத்தில் வில் திரும்புகிறது என்று ஒரு தாளில் சாகித்யத்தை எழுதிக் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. பதிவின் தரம் மோசமாக இருந்தாலும் வில் திரும்பும் இடம் காதில் விழும்.